ஒன்பதாவது படம்

நகராட்சிக் கூட்ட அரங்கின் திரைச்சீலைகளைப் பட்டப்பகலில் இழுத்து மூடியிருக்கிறார்கள். மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு வந்த தலைவர், அங்கெல்லாம் ஊரை எப்படி நிர்வாகம் செய்கிறார்கள் என்று படம் போட்டு விளக்குகிறார். படத்தை மாற்றும் பொத்தான் வரைபடப் பிரிவுக்காரியின் கையில் இருக்கிறது. போன வருடம் சாலையை அகலப்படுத்த இடித்த நாற்பது கடைகளில் அவள் அப்பாவின் தையல்கடையும் ஒன்று. வரைபடத்தில் அதன் மேல் சிவப்புக் கோட்டை அவள் கையாலேயே போட வைத்தவர் இவர். ஒரு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தவள் இன்று ஒன்பதாவதாக ஒரு படத்தைச் செருகியிருக்கிறாள். திரையில் மரநிழல் விழுந்த நடைபாதை, அதை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள், குடையைச் சாய்த்துப் பிடித்துப் போகும் ஒருத்தி. தையல்காரர் மகளல்லவா, பெயர்ப்பலகை ஒன்றுகூடத் தெரியாமல் சுத்தமாகக் கத்தரித்திருக்கிறாள். "பாத்தீங்களாய்யா, இதுதான் ஊரு! ஒரு மரத்த வெட்டல, ஒரு கடைய இடிக்கல. நமக்குத்தான் கொடுத்து வைக்கல!" தலைவரின் விரல் நிழல் அப்பாவின் கடைவாசலைத் தடவுகிறது. உறுப்பினர்கள் கை தட்டுகிறார்கள்; அடையாளம் கண்டுகொண்ட இரண்டு மூன்று பேரின் கைகள் மட்டும் பாதியில் நிற்கின்றன. தலைவரும் தினமும் அந்த வழியாகப் போய்வந்தவர்தான். ஒருநாளாவது கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

"எந்த நாடும்மா இது?" என்று அவளையே கேட்கிறார். "அடுத்த படத்துல தெரியுங்க ஐயா." கட்டைவிரல் அழுந்துகிறது. அதே வளைவு, அதே கோணம். மரம் இல்லை, கடை இல்லை, வெயிலில் தார் பளபளக்கிறது. நடுவில், ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலோடு தலைவர் வாய் நிறையச் சிரிக்கிறார். திரைக்கு முன்னால் நிற்கும் தலைவர் கையை வீசுகிறார். "மாத்தும்மா! அடுத்ததப் போடு!" வேலை போகும் என்று தெரியும், போகட்டும். "இதாங்க ஐயா கடைசிப் படம்" என்கிறாள். பொத்தானை மேசைமேல் வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தை நிதானமாகப் பார்க்கிறாள்.