மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது

பரிசம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையை எழுந்து வெளியே போகச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சொன்னவர் பெண்ணின் தாய்மாமன் செலோவா.

எங்கள் ப்ரிட்டோரியா பக்கத்தில் பரிசம் பேசும்போது மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. கூட வந்தவர்கள்தான் பேச வேண்டும். மாப்பிள்ளை ஓபாகெங்குக்காகப் பேசப் போனவன் நான். சிநேகிதன் மட்டுமில்லை, அவனுடைய காப்புரிமை வக்கீலும் நான்தான். ரசாயனமும் படித்துச் சட்டமும் படித்தவன், வெளுத்து வாங்குவான் என்று என்னை அனுப்பினார்கள். அடுத்தவன் வாயைக் கட்டுவதுதான் என் தொழில் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஓபாகெங் இருந்த வேலையை விட்டுவிட்டு, கொட்டகையில் சோளச் சக்கையை வேகவைத்து, தகரக் கூரையில் துரு ஏறவிடாத ஒரு பூச்சைக் கண்டுபிடித்திருந்தான். திங்கட்கிழமை விண்ணப்பம் போடுகிறோம். அதற்குள் செய்முறை வெளியாள் காதில் விழுந்தால், அது புதுசு இல்லை என்று ஆகிவிடும். காப்புரிமையும் போச்சு, அவன் பிழைப்பும் போச்சு. பெற்ற தாயிடம்கூட மூச்சு விடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

பரிசமோ சனிக்கிழமை. சிவப்பு மெழுகு போட்டுப் பளபளத்த தரையில் வழுக்காமல் போய் உட்கார்ந்தோம். கூடம் நிறையச் சொந்தபந்தம்.

பையனுக்கு என்ன தொழில் என்றார் செலோவா. கூரைக்குப் பூச்சு என்றேன். எதில் செய்கிறான் என்றார்.

"திங்கட்கிழமை தாண்டட்டும் பெரியவரே, எல்லாம் சொல்றோம்."

"சாராயம் காய்ச்சறானோ என்னவோ" என்றாள் ஒரு அத்தை. கூடமே சிரித்தது. சித்தப்பா ஒருத்தர், ஒளிச்சு மறைச்சுப் பேசுறவனுக்குப் பொண்ணு கிடையாது என்று எழுந்தே விட்டார். கதவோரம் நின்ற கல்யாணப் பெண் கெனைல்வே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஓபாகெங் அதைப் பார்த்துவிட்டான். நான் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டான்.

"நானே சொல்லிடறேன். முதல்ல எதை எடுக்கணும்னா..."

டக்கென்று கைத்தடி தரையில் இடித்தது.

"வாயை மூடுறா" என்றார் செலோவா. "மாப்பிள்ளை பேசுற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? வெளியே போ. அபராதம் ஒரு ஆடு. மிச்சம் செவ்வாய்க்கிழமை."

காரில் ஓபாகெங் குழந்தை மாதிரி அழுதான். "எல்லாம் உன்னாலதாண்ணே" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவனைத் தேற்றத் தெரியாமல், அந்தக் கிழவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே, மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பிப் போனேன்.

வாசலில் தொப்பியோடு நின்றது அவரேதான்.

"என் மேல கோபமா தம்பி?"

"பொண்ணு இல்லேன்னு நேராவே சொல்லியிருக்கலாம்."

"பொண்ணு அவனுக்குத்தான். ஆடும் வேண்டாம். திங்கட்கிழமை வேலையை நல்லபடியா முடிச்சுட்டு வாங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் தடியால் அந்தச் சிவப்புத் தரையை லேசாகத் தட்டினார்.

"எனக்குப் பரிசம் பேசின அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சாங்க. ரோஷம் பொறுக்காம, நான் காய்ச்சின மெழுகோட பக்குவத்தை ஒண்ணு விடாம சொல்லிட்டேன். பொண்ணு கொடுத்துட்டாங்க."

குனிந்து தரையை விரலால் தேய்த்துக் காட்டினார்.

"இது அந்த மெழுகுதான். இப்போ கடையில வாங்கறேன். டப்பா மேல இருக்கிற பேரு, அன்னிக்கு என் பக்கத்துல உட்கார்ந்து கேட்டவன் பேரு."