பலகையில் ஒரு வெற்று ஆணி

அபாயச் சங்கு ஊதியபோது அவர் கோப்பிக்கு வரிசையில் நின்றார்.

சுரங்கத்துக்குள் யாரோ அகப்பட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. பாவம் என்று நினைத்தார். எந்த விசரனோ.

சில்லறை எடுக்கக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

குளிர்ந்த, வட்டமான ஒன்று விரலில் பட்டது.

அந்த விசரன் அவர்தான்.

றொக்கி மலையின் அந்தச் சிற்றூரில் நிலக்கரி தோண்டுவதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. இப்போது மலையைக் குடைந்த துளையைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். கரிக்கழிவு கொட்டிய மேட்டில் இளசுகள் சைக்கிளில் உருண்டு விழுகிறார்கள், அதற்கும் கட்டணம்.

பழைய சட்டம் ஒன்றை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர் வாசல் பலகையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்டவேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்.

வழிகாட்டிப் பெண் இதை இரண்டு தரம் சொன்னாள். அவர் இரண்டு தரமும் தலையாட்டினார்.

காதில் விழுந்ததெல்லாம் காலையில் மனைவி நேசமலர் சொன்னதுதான்.

“இந்தப் பயணம் முடிய நான் லண்டனுக்குப் போறன். இனி மகளோடைதான் இருக்கப்போறன்.”

பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பயந்தால் அவருக்கு வாய் சும்மா கிடக்காது.

“மகளுக்கு முதலே சொல்லிப்போடும். வீடு மாறிப்போக அவளுக்கும் நேரம் வேணுமே.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “இதுக்கும் ஒரு பகிடி” என்றாள். அதன்பிறகு பேசவில்லை. சுரங்கத்துக்குள்ளும் முன்னால்தான் நடந்தாள்.

சங்கு இன்னும் ஊதியது.

போய் மாட்டிவிட்டால் முடிந்தது. ஓர் அடி வைத்தார். நின்றார்.

மகளின் கலியாணத்தில் பகிடிக்காகத் தாலியை ஒளித்துவைத்து மண்டபத்தையே கலங்கடித்த மனுசன் அவர். ஐயர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது வில்லையோடு போய் நின்று, ‘இது பகிடி இல்லை, மறந்துதான் போனேன்’ என்றால் யார் நம்புவார்கள்?

வாழ்க்கையில் முதல்முறையாக எந்தத் திட்டமும் இல்லாமல் முட்டாளாகியிருந்தார். அதற்குச் சாட்சி யாருமில்லை.

அவருக்கு முன்னால் சேறு பூசிய சைக்கிள்காரர்கள் மதில்போல நின்றார்கள். அவர்களின் தோள்களுக்கு இடையே சுரங்க வாசல் தெரிந்தது. நேசமலர் நின்றாள். வழிகாட்டிப் பெண் அவளிடம் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன உடுப்பு? எப்படி நடப்பார்?

நேசமலர் தன் கடைத்தெரு ஆங்கிலத்தில், சங்குக்கு மேலாகக் கத்திச் சொன்னாள். மண்ணிற சுவெட்டர். இடது முழங்கையில் நூல் பிரிந்திருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ மந்திரி பாலம் திறக்கப் போகிறமாதிரி நடப்பார்.

அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

பிரிந்துதான் இருந்தது.

பயணம் தொடங்கிய மூன்று நாளாக அவள் தன்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தார்.

வழிகாட்டிப் பெண் உள்ளே ஓடினாள். நில்லுங்கள் என்று யாரோ தடுக்க, நேசமலரும் பின்னால் போனாள். கொண்டைக்கு மேல் தலைக்கவசம் கோணலாக ஆடியது.

சங்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் மலைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ!”

கட்டிய நாளிலிருந்து அவருக்கு அவள் வைத்திருக்கும் ஒரே பெயர்.

அதைத் தொடர்ந்து வழிகாட்டிப் பெண்ணின் குரல். “இஞ்..சே..ரூங்கோ!” வாசலில் நின்ற சைக்கிள்காரன் ஒருவனும் வாயைக் குவித்துக்கொண்டு சேர்ந்தான். ஒரு வெள்ளைக்கார மலை அவரை “இஞ்சேருங்கோ” என்று கூப்பிட்டது.

வேறொரு நாளென்றால் இதைவைத்தே பத்துக் கலியாண வீட்டைச் சிரிக்கவைத்திருப்பார்.

சிரிப்பு வரவில்லை. அவள் குரல் மட்டும் இன்னொரு தரம் கேட்கவேண்டும் போலிருந்தது.

நின்றார்.

“இஞ்சேருங்கோ!”

இந்தமுறை கடைசி எழுத்து உடைந்தது.

அவர் ஓடினார்.

தலையில் விளக்கில்லை. ஈரத் தண்டவாளத்தில் தடுக்கி, சுவரைப் பிடித்து, எதிரே வந்த வெளிச்சத்துக்குள் வில்லையை நீட்டிக்கொண்டு போய் நின்றார். வழிகாட்டிப் பெண் வில்லையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடவுளை ஒருமுறை கூப்பிட்டாள். வில்லையைப் பிடுங்கிக்கொண்டு சங்கை நிறுத்த ஓடினாள்.

நேசமலரின் தலைவிளக்கு அவர் முகத்தில் விழுந்தது.

“எங்கை நிண்டனீங்கள்?”

நல்ல பகிடிகள் இரண்டு மூன்று நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கினார்.

“கோப்பிக் கடையிலை. வில்லையை மாட்ட மறந்துபோனன்.”

“நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சங்கின்மேல் பழியைப் போடலாம்.

“கேட்டது. இன்னொருக்கால் கூப்பிடுவீரோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

பகிடி வால் இல்லாமல் ஒரு வசனத்தை அவர் அவளிடம் சொல்லி எத்தனை காலமோ. உடுப்பில்லாமல் நிற்கிறமாதிரி இருந்தது.

சங்கு நின்றது. கூரையிலிருந்து நீர் சொட்டியது.

“கூப்பிட்டிருக்காட்டி?”

அவர் யோசித்தார்.

“தெரியேல்லை” என்றார்.

வெளிச்சம் முகத்தைவிட்டு அசையவில்லை. அவர் கண்ணைச் சுருக்கவும் இல்லை.

“முன்னாலை நடவுங்கோ” என்றாள் நேசமலர்.

நடந்தார். அவள் பின்னால் வந்தாள். விளக்கை அவர் முதுகில் அடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, அவர் அடுத்த கால் வைக்கவேண்டிய இடத்தில் அடித்துக்கொண்டு வந்தாள்.