தையல் தெரியாதவர்களுக்கு மட்டும்

பொய் சொல்வதற்கென்றே நல்ல அபாயா உடுத்திக்கொண்டு யட்டவத்தை பொது மண்டபத்துக்கு வந்திருந்தாள் றுக்ஸானா.

மாத்தளையில் ஒரு தையற்கடையில் பதினொரு வருடம் தைத்தவள் அவள். இப்போது மாமி படுத்த படுக்கை. வீட்டை விட்டு பஸ் ஏற வழியில்லை. சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் வீட்டிலேயே தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்.

மண்டபத்தில் ஐந்து மெஷின்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தையல் தெரியாதவர்களுக்கு மட்டும்! தெரிந்தவர்களுக்கு எதற்கு மெஷின் என்று கொழும்பில் யாரோ யோசித்து முடிவெடுத்திருந்தார்கள். யோசித்தவர் நன்றாக இருக்கட்டும்.

மெஷினில் நூல் கோர்த்துக் காட்ட வேண்டும். கோர்த்துவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். கோர்க்கத் தெரியாவிட்டால் மெஷினும் கிடைக்கும், மூன்று மாதப் பயிற்சியும் கிடைக்கும்.

பயிற்சி கொடுக்கப்போகிற ஜெஸ்லா டீச்சர்தான் பரிசோதகர். பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு அதிகாரி துஷாந்த்.

றுக்ஸானாவுக்கு முன்னால் வரிசையில் நின்ற, விஷயம் புரியாத டிலானி அரை நிமிடத்தில் கோர்த்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமே! போயிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

ஒரே ஒரு மெஷின்தான் மிச்சம்.

"அடுத்தது றுக்ஸானா. தையல் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"உண்மையாவா? பொய் சொல்றவங்கள எனக்குக் கண்ணுல காட்டக்கூடாது."

"உண்மைதான் டீச்சர்." மனதுக்குள் மூன்று தரம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசிக் கண்ணைத் தவறவிட்டால் போதும்தான். ஆனால் பதினொரு வருடக் கை அதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால் மேலும் கீழும் ஆடுகிற கொக்கியில் மட்டும் நூலை மாட்டாமல் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கோர்த்து முடித்தாள். அப்படிக் கோர்த்தால் முதல் தையலிலேயே நூல் சிக்கிக்கொள்ளும். தையல் தெரிந்த யாரும் பார்த்த உடனே பிழை பிடித்துவிடுவார்கள்.

டீச்சர் குனிந்து, ஊசியில் நூல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"அழகாக் கோர்த்திருக்காங்க. சேர், இவங்களுக்குத் தையல் தெரியும். பேரை வெட்டுங்க."

றுக்ஸானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல டீச்சர்! நான் பிழையாத்தான் கோர்த்திருக்கேன்!"

"பிழைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று பேனாவை நிறுத்திக் கேட்டார் துஷாந்த்.

நியாயமான கேள்விதான். விளக்கினால் தையல் தெரியும் என்றாகிவிடும். விளக்காவிட்டாலோ பெயர் வெட்டுப்படும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியாதவ கோர்த்தா பிழையாத்தானே சேர் இருக்கும்? டீச்சர ஒரு தையல் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"அதுவும் சரிதான். போட்டுப் பாருங்க டீச்சர்."

டீச்சரின் கை மடியை விட்டு அசையவில்லை. முகம் வெளுத்து, மூக்கு நுனியில் வேர்வை பூத்தது. காலையிலிருந்து இந்த மனுஷி மெஷினைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் றுக்ஸானாவுக்கு உறைத்தது.

அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"டீச்சருக்கு எதுக்குக் கஷ்டம்? நானே சுத்துறேன்."

பயந்தவள் போலச் சக்கரத்தைச் சுற்றினாள். இரண்டே சுற்றில் துணிக்கு அடியில் நூல் சிக்கி மெஷின் நின்றுவிட்டது.

துஷாந்த் சிரித்துவிட்டார். "சரிதான், இவங்களுக்கு ஒண்ணுமே தெரியல! கடைசி மெஷின் இவங்களுக்குத்தான்."

"எனக்கு அப்பவே தெரியும் சேர். சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றார் டீச்சர், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

துஷாந்த் தேநீர் குடிக்கப் போனதும், வாசலில் யாரோ றுக்ஸானாவின் கையைப் பிடித்தார்கள். ஜெஸ்லா டீச்சர்.

"ராத்தா..." என்றார், கூடப்பிறந்த அக்காவை அழைப்பது போல. "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வகுப்பு. நீங்க மட்டும் எட்டு மணிக்கே வந்துருங்க."

"ஏன் டீச்சர்?"

டீச்சர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"தையல் தெரியும்னு சொல்லித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். எனக்கு முதல்ல நூல் கோர்க்கக் காட்டிக் குடுங்க."