ஏழு படலை, ஏழு கதிரை

“கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்கை போறியள்?”

இராசாத்தியின் குரல் கேட்டதும் அவளுடைய கணவர் முருகேசு வாசல் படலையடியில் அப்படியே நின்றார். தலைக்கு மேல் பிளாஸ்டிக் கதிரை. நேரம் மத்தியானம் ஒன்றரை.

“உதயகலா வாற நேரமப்பா. பாவம், இருந்திட்டுப் போகட்டும்.”

மூன்று மாதமாக இதே கூத்துத்தான். கோப்பாயில் அந்த ஒழுங்கையில் வரிசையாக ஏழு வீடு. மத்தியானமானால் ஏழு படலைக்கு வெளியிலும் ஒவ்வொரு கதிரை வந்து குந்திவிடும். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்யும் உதயகலா பஸ்ஸால் இறங்கி, ஒவ்வொன்றிலும் இருந்து இருந்து, ஒழுங்கைக் கோடியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்ச் சேருவாள். மகாராணிகூட இப்படிப் பவனி வந்திருக்க மாட்டாள்.

“அவளுக்கு நடக்கேலாத வருத்தமப்பா” என்றார் முருகேசு.

“வருத்தமோ? காலமை அவள் பஸ்ஸுக்குப் போற போக்கை நான் பாக்கேல்லையே? காலமை இல்லாத வருத்தம் மத்தியானம் எங்கையிருந்து வருது? உங்களைப் போலப் பேயன்மாருக்கு முன்னாலை நடிக்கிறாள். இண்டைக்குக் கையும் களவுமாய்ப் பிடிக்கிறன் பாருங்கோ.”

கதிரையைப் பறித்து வெளியே போட்டாள். அதில் தானே இருந்தாள். முழங்கைகளை இரண்டு பக்கமும் பரப்பி, இன்னொருவர் விரல் வைக்கவும் இடமில்லாமல் இருந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வேர்த்து ஊற்றியது. ஆனாலும் மானப் பிரச்சினை. எழும்பவில்லை.

உதயகலா வந்தாள். பக்கத்து வீட்டுக் கதிரையிலிருந்து எழும்பி, மதிலைப் பிடித்துப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து வந்தாள். கதிரையில் ஆள் இருப்பதைக் கண்டதும் முகம் வாடியது. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி பிள்ளை, காலமை பறந்தாய், இப்ப ஆடுறாய்?”

“நரம்பு வருத்தமக்கா. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் எண்டு பேர். காலமை நல்லாத்தான் நடப்பன். களைப்பும் வெக்கையும் சேர்ந்தால் மூளை சொல்லுறது காலுக்குக் கேக்காது. ஆரின்ரையோ இரவல் காலிலை நடக்கிற மாதிரி இருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிக்கமுன் ஒரு கால் மடிந்தது.

முருகேசு ஓடிவரமுதல் இராசாத்தி எழும்பி அவளைத் தாங்கிக் கதிரையில் இருத்திவிட்டாள். பிடித்த கைக்கு அந்த நடுக்கம் தெரிந்தது. இது நடிப்பில்லை.

“முந்தியே எனக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?”

“உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்!” உதயகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூண்டு மாதத்துக்கு முந்தி, பக்கத்து வீட்டு பெர்னடெட் ரீச்சரின்ரை மகளின்ரை கலியாணத்தண்டு நான் இதிலை விழப்போனனான். ஒழுங்கை முழுக்க உங்கடை ஒரு கதிரைதான் இருந்தது. அதிலை இருந்துதான் தப்பினன். அதைப் பாத்திட்டுத்தானே மற்ற வீட்டுக்காரரும், ‘இராசாத்தியக்காவே வைக்கிறா, நாங்கள் வைக்காட்டி வெக்கம்’ எண்டு வைக்கத் தொடங்கினவை. முதல் கதிரை உங்கடையக்கா!”

இராசாத்தி சேலைத் தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

“பின்னை? நான் பாக்காமல் ஆர் பாக்கிறது? ஆறுதலாய் இரு பிள்ளை.”

முருகேசு மனைவியின் காதுக்குள் குனிந்தார்.

“கலியாணத்துக்கு வாற வான்காரர் எங்கடை படலையடியிலை நிப்பாட்டக்கூடாது எண்டு நீர் மறிச்சுப் போட்ட கதிரையெல்லோ அது? பிள்ளைக்குச் சொல்லட்டே?”

“வாயைப் பொத்திக்கொண்டு குடையை எடுத்துவாங்கோ. பிள்ளைக்கு வெயில் படுது!”