சாம்பிள்

இயற்கை ஹார்மோன் கிரீம் டப்பாவை மேசையில் வைத்தாள் கற்பகவல்லி. பக்கத்தில் அவள் கணவர் ஊர்க்காவலன், தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி போர்மேன், துண்டைப் போர்த்தியபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம்கூட ஆகலை. இந்த மாதிரி கிரீமைத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீக. உடம்பு தீயா எரியுதுன்னு நான் பொலம்பவும் இவுக வாங்கியாந்துட்டாக. இயற்கைதானே, என்ன செஞ்சிரும்னு வீட்ல ஒரே சண்டை.”

“இயற்கையா இருந்தாலும் ஹார்மோன் ஹார்மோன்தான். உங்களுக்கு வந்த நோய்க்கு அதுதாம்மா தீனி!” டாக்டரம்மா ஊர்க்காவலன் பக்கம் திரும்பினார். “பசுமைப் பட்டாசுன்னு எழுதியிருந்தா கையில வச்சுக் கொளுத்துவீங்களா?”

ஊர்க்காவலன் துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

“எத்தனை நாளாப் பூசுனது?”

“ரெண்டு மூணு மாசமா விடாம. இப்ப மாரு வீங்கி, தொட்டாலே உசுரு போகுது.”

“சரி, கட்டில்ல படுங்க. பார்க்கணும்.”

கற்பகவல்லி நாற்காலியை விட்டு அசையவில்லை. கணவரை முழங்கையால் இடித்தாள். “போய்ப் படுங்க.”

“இவரா?”

“வெடிச்சுப் பாக்காம ஒரு பெட்டியக்கூட லோடு ஏத்த விடமாட்டாக. எனக்குத் தரதுக்கு முன்னாடி தன் உடம்புலேயே சாம்பிள் பாத்திருக்காக.”

துண்டை உருவினாள். டாக்டரம்மா சிரிப்பை மறைக்க இருமினார்.

“எனக்கு ஒண்ணை எடுத்தீக டாக்டரம்மா,” என்றாள் கற்பகவல்லி. “இவுகளுக்கு ரெண்டு மொளச்சிருக்கு.”