டைக்குள் சிக்கிய கூடு

குரோம்பேட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடுக்கிய தோட்டா செய்யும் பிரஸ்ஸின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குகிறார் பாஷ்யம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு ஒடுக்கும் 'டை' என்ற எஃகு அச்சுக்குள் முதல் கூடே கெட்டியாகச் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. எண்ணெயே தேவைப்படாத டையை வேண்டாமென்று தள்ளிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான், இன்று கூட்டுக்கு எண்ணெய் தடவ மறந்தவரும் அவர்தான். நாளைக் காலை கிளப்பில் பிஸ்டல் போட்டி. ஒரு தோட்டாகூடத் தயாராகவில்லை. மேசை முனகுகிறது. ஜன்னல் வெயிலில் மிச்சக் கூடுகள் அவரைப் பார்த்துப் பல்லிளிக்கின்றன. "சனியன், என் பிராணனை வாங்கறது!" காலையில் தட்டோடு ஒட்டிக்கொண்ட இட்லிக்காக அவரிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனைவி ரமா, சமையலறையிலிருந்து நிதானமாக வருகிறாள். "எண்ணெய் தடவக்கூடத் தெரியாதான்னு கேட்டேளே, இந்தாங்கோ," என்று நல்லெண்ணெய்க் கிண்ணத்தை அவர் முன்னால் நங்கென்று வைக்கிறாள்.