பதினேழாம் எண் அலுவலகம்

கோயம்புத்தூரில் பம்பு வடிவமைக்கும் அலுவலகங்கள் அத்தனையையும் ஒப்பிட்டுக் காட்டும் பேசும் பலகை, கோதைநாயகியின் மேசைக்கு எதிரிலேயே மாட்டியிருந்தது. யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஏழு மாதமாகப் பதினேழாம் எண்தான் முதலிடம். அவள் அலுவலகம் இரண்டாவது.

"நூறு வரைபடத்துல ஒரு தப்புகூட இல்லையாம் பஷீர். மனுசங்கதானா அவங்க?" என்றாள், பக்கத்து மேசையில் வரைந்துகொண்டிருந்தவனிடம்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினேழில் எட்டு மணிக்கே வேலை தொடங்குகிறார்கள் என்று பலகை காட்டியதும் இவளும் எட்டு மணிக்கே கதவைத் திறந்தாள். அவர்கள் நாற்காலிகளை மாற்றினார்கள், இவளும் மாற்றினாள். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் பலகையிடமே கேட்டாள். "அப்படி என்னதான் பண்றாங்க?"

"வரைபடத்தை அனுப்பும் முன் தலைகீழாகத் திருப்பி வைத்து, ஒருமுறை சரிபார்க்கிறார்கள்."

"நம்ம ஆறுச்சாமி அண்ணன் இங்க இருந்தப்ப அப்படித்தானுங்க மேடம் பார்ப்பாரு," என்றான் பஷீர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கோதைநாயகிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "இதை அவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"இந்த முறை முதலில் பதிவானது உங்கள் அலுவலகத்தில்," என்றது பலகை. "ஒரு வரைபடத்துக்குப் பதினோரு நிமிடம் வீணாகிறது என்று ஆறுச்சாமியை வேலையைவிட்டு அனுப்பினீர்கள்; அவர் பதினேழில் சேர்ந்துவிட்டார். அந்த மாதம்தான் உங்கள் வேகம் கூடி, மூன்றாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு வந்தீர்கள். வாழ்த்துகள்."